புதிய பாகம் பொருத்திய பின் கணினி நின்று நின்று போகிறதா? 'போர்மட்' பண்ணுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கிளிநொச்சியில் கணினி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். கடந்த மாரியில் ஒரு தாய், மேசைக் கணினியின் பெட்டியை உரப்பையால் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்தபடி கொண்டுவந்தார். உயர்தரம் படிக்கும் அவரது இளைய மகன், கணினி வேகமாக ஓட வேண்டும் என்று பழைய 'றாம்' ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். அன்றிலிருந்து நீலத்திரை வருவதும் தானாகவே மீண்டும் தொடங்குவதுமாக இருந்திருக்கிறது. யாரோ நண்பர் சொன்னதைக் கேட்டு, உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பற்றரியையும் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அதன்பின் விண்டோஸ் தொடங்கவேயில்லை. கொண்டுபோன இடத்தில், வன்தட்டு பழுதாகிவிட்டது, போர்மட் பண்ணத்தான் வேண்டும், உள்ளே இருப்பவை எல்லாம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, கொம்பியூட்டர் ஓடாட்டிலும் பரவாயில்லை. இதுக்குள்ள மூத்தவன்ர படம் கிடக்கு. அதை மட்டும் எடுத்துத் தாங்கோ" என்றார் அந்த அம்மா.

குடும்ப அல்பம் 2009 இல் இடம்பெயர்ந்த வழியில் கைவிடப்பட்டது. வெளிநாட்டிலிருந்த உறவினர் ஒருவரிடம் இருந்த இரண்டு படங்களை அவர் ஸ்கான் செய்து அனுப்பியிருந்தார். அந்த உறவினரும் இப்போது இல்லை. அதிலொன்றைப் பெரிதாக்கி அச்சிட்டுத்தான், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடும் இடங்களுக்கு அந்த அம்மா கொண்டுபோவார். அச்சுப்படம் மழையில் நனைந்து முகம் மங்கிவிட்டது. மூலப்படம் இந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

அந்த வன்தட்டு பழுதாகவில்லை. படங்களும் அழியவில்லை. என்ன நடந்திருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். நமது வீடுகளில் இருக்கும் பழைய கணினிகளில் இப்படி எத்தனையோ விடயங்கள் கிடக்கின்றன. உறுதிப் பத்திரத்தின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள், இறந்தவரின் குரல். அதனால் கணினி திருத்துவதைப் பற்றி எழுதும்போது, கணினியைவிட அதற்குள் இருப்பதே பெரிது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுங்கள்

புதிய பாகம் பொருத்திய பின் கணினி அடிக்கடி நின்றால், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி நின்றால் கோப்புகள் குழம்பலாம். பழுதான றாம் இன்னும் மோசம். அது தவறான தரவை வன்தட்டுக்கு எழுதவும் கூடும்.

பாதுகாப்பான வழி, வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பி மூலம் நன்றாக ஓடும் வேறொரு கணினியில் பொருத்திப் பிரதி எடுப்பது. மடிக்கணினியின் சிறிய வன்தட்டுக்கு யூ.எஸ்.பி. மின்சாரமே பெரும்பாலும் போதும். மேசைக் கணினியின் பெரிய வன்தட்டுக்குத் தனியான 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். அதற்கேற்ற இணைப்பியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பொருத்தியதும், இதைப் பாவிப்பதற்கு முன் போர்மட் பண்ண வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் 'கான்சல்' கொடுங்கள். வன்தட்டைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளைகளையும் பிரதி எடுக்க முன்னர் ஓடவிடாதீர்கள். அவை திருத்துகிறோம் என்று சில கோப்புகளை வெட்டிவிடுவதுண்டு. வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று அடிக்கும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது தரவு மீட்பில் அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டிய விடயம். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் மீட்கும் வாய்ப்புக் குறைகிறது.

புதிய மடிக்கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 'பிட்லொக்கர்' எனும் பூட்டு உரிமையாளர் அறியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம். மதர்போர்ட்டை மாற்றினாலோ பயோஸ் அமைப்பை மாற்றினாலோ அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். பெரும்பாலும் அது அந்தக் கணினியில் முதலில் பதிந்த மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். திறவுகோல் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. ஆகவே பெட்டியைத் திறப்பதற்கு முன்னரே அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் நான் தவறு விட்டுத்தான் படித்தேன். கடை தொடங்கிய புதிதில், புதிய வன்தட்டைப் போடச் சொல்லி ஒருவர் கணினி தந்தார். கேட்காமலே பழைய வன்தட்டைத் துடைத்து வேறொருவருக்கு விற்றுவிட்டேன். அவரது தகப்பனாரின் குரல் பதிவொன்று அதில் இருந்தது. அவர் என்னை ஏசவில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு எந்த வன்தட்டையும் உரியவரிடம் இரண்டு முறை கேட்காமல் நான் தொடுவதில்லை.

கடைசியாகப் பொருத்தியதை முதலில் கழற்றுங்கள்

பிரதி எடுத்தாயிற்று என்றால் இனிப் பிழையைத் தேடலாம். நேற்று வரை ஓடிய கணினி இன்று நிற்கிறது என்றால், இடையில் மாறியது எதுவோ அதுதான் முதல் சந்தேகம். புதிய பாகத்தைக் கழற்றி, முன்பு இருந்தபடியே ஆக்கி, ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள்.

நிற்காமல் ஓடினால், பிழை அந்தப் பாகத்தில் இருக்கலாம், அது உட்கார்ந்த விதத்தில் இருக்கலாம், அதன் ட்ரைவர் மென்பொருளில் இருக்கலாம், அல்லது அது இழுக்கும் மின்சாரத்தில் இருக்கலாம். கழற்றிய பின்னரும் நின்றால், பெட்டியைத் திறந்தபோது வேறெதுவோ அசைந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு வயர் தளர்ந்திருக்கும், விசிறியில் வயர் முட்டியிருக்கும், அல்லது பக்கத்திலிருந்த றாம் சற்று மேலெழுந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரி வந்தாலும் எது பிழை என்று தெரியாது. என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். திறந்தவுடன் கைத்தொலைபேசியில் உள்ளே ஒரு படம் எடுத்து வைத்தால், எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு தடுமாற வேண்டியதில்லை.

திறக்கும் முன் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள். பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடியும். மடிக்கணினியென்றால் பற்றரி இணைப்பையும் கழற்ற வேண்டும். பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

எப்போது நிற்கிறது என்று பாருங்கள்

கணினி நிற்கும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

போட்டவுடன் திரையில் ஒன்றும் வராமல் 'பீப்' சத்தம் மட்டும் கேட்டால், றாம் அல்லது கிராபிக்ஸ் கார்ட் சரியாக உட்காரவில்லை என்று நினைக்கலாம்.

விண்டோஸ் சின்னம் வந்து, உடனே நீலத்திரை வந்தால் ட்ரைவர் அல்லது பயோஸ் அமைப்பைப் பாருங்கள்.

காணொளி பார்க்கும்போதோ விளையாடும்போதோ மட்டும் நின்றால் மின்சாரம் போதவில்லை, அல்லது சூடு கூடுகிறது.

நேரகாலமில்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைச்செய்தியுடன் நின்றால் றாமைச் சந்தேகியுங்கள்.

நீலத்திரை எதுவுமின்றி, பிளக்கைப் பிடுங்கியது போல அணைந்தால் பவர் சப்ளை அல்லது சூடு.

நீலத்திரையின் கீழே பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு பிழைப்பெயர் இருக்கும். அதைப் படம் எடுங்கள். 'மெமரி மனேஜ்மென்ட்' என்றிருந்தால் றாம் பக்கம் போங்கள். 'வீடியோ டீ.டீ.ஆர். பெயிலியர்' என்றால் கிராபிக்ஸ் கார்ட் அல்லது அதன் ட்ரைவர். 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்றால் விண்டோஸ் தன் வன்தட்டை அடைய முடியவில்லை. இவை திசை காட்டும் பலகைகள்தான், முடிவான தீர்ப்பு அல்ல.

விண்டோசின் 'இவென்ட் வியூவர்' பகுதியில் 'கேர்னல் பவர் 41' என்றொரு பதிவைப் பலர் கண்டு, பவர் சப்ளை பழுது என்று உடனே புதிது வாங்குகிறார்கள். கணினி ஒழுங்காக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை. மின்வெட்டு வந்தாலும் அதே பதிவுதான் விழும்.

றாம்

பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஆகிய இரண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடங்களில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. அமர்த்தித் தள்ளினால் மதர்போர்ட் உடையும். டி.டி.ஆர். 3 வகை 1.5 வோல்ட்டில் இயங்குவது. அதிலேயே 'எல்' எழுத்துச் சேர்ந்த வகை 1.35 வோல்ட்டிலும் இயங்கும். சில மடிக்கணினிகள் இந்த 1.35 வகையை மட்டுமே ஏற்கும். பழைய றாமின் ஒட்டுச்சீட்டைப் படமெடுத்துக் கடைக்குக் கொண்டுபோனால் இந்தத் தவறு நடக்காது.

பொருத்தும்போது இரு பக்கக் கொழுக்கிகளும் 'கிளிக்' என்று பூட்ட வேண்டும். பழைய றாமின் பொன்னிறத் தொடுமுனைகள் கறுத்திருந்தால், ஐசோபுரோபைல் அல்ககோல் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைக்கலாம். அது கிடைக்காவிட்டால் மென்மையான வெள்ளை அழிறப்பரால் லேசாகத் தேய்த்து, தூள் ஒட்டாமல் தட்டிவிடுங்கள்.

பிறகு ஒரு றாமை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். அடுத்து மற்றதை மட்டும். இரண்டும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் நின்றால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. விண்டோசிலேயே 'விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்' என்ற சோதனை உண்டு. அதைவிட ஆழமானது, பென்ட்ரைவிலிருந்து ஓடும் 'மெம்டெஸ்ட் 86'. இரவில் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த றாமை நம்ப முடியாது. அதே றாமை வேறு துளையில் போட்டுப் பிழை போனால், துளைதான் பழுது.

அந்த அம்மாவின் கணினியில் போட்ட றாம் சில நிமிடங்களிலேயே சோதனையில் சிவப்பு வரிகளாகக் காட்டியது. நீலத்திரைக்குக் காரணம் அதுதான்.

பயோசும் வன்தட்டும்

அப்படியென்றால், றாமைக் கழற்றிய பின்னரும் விண்டோஸ் ஏன் தொடங்கவில்லை? நாணயப் பற்றரியைக் கழற்றியதால் பயோசின் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. வன்தட்டை எப்படி அணுகுவது என்ற அமைப்பும் அதில் ஒன்று. முன்பு 'ஏ.எச்.சி.ஐ.' என்றிருந்தது, 'ஐ.டி.ஈ.' என்று மாறியிருந்தது. விண்டோஸ் பழைய முறையில் தேடியது, வன்தட்டு புதிய முறையில் நின்றது. வந்தது 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை. பார்ப்பவருக்கு வன்தட்டுப் பழுது போலத்தான் தெரியும்.

வன்தட்டைக் கழற்றிப் பிரதி எடுத்தேன். பிறகு பயோசில் அந்த ஒரு வரியை மட்டும் பழையபடி மாற்றினேன். விண்டோஸ் ஒன்றும் நடக்காதது போலத் தொடங்கியது. போர்மட் பண்ணியிருந்தால் இல்லாத நோய்க்குச் செய்த சத்திரசிகிச்சையாக அது முடிந்திருக்கும்.

எனவே பயோசில் எதையும் தொடுமுன், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். புதிய எஸ்.எஸ்.டி. பொருத்திய பின் சிக்கல் வந்தால், எந்தத் தட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தரவு வயரையும் மாற்றிப் பாருங்கள். அந்தச் சிறிய வயர் பழுதாகிக் கணினி உறைந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பழைய வன்தட்டைத் துடைப்பதற்கு அவசரப்படாதீர்கள். புதியது சில மாதங்கள் ஒழுங்காக ஓடட்டும்.

கிராபிக்ஸ் கார்ட்டும் பவர் சப்ளையும்

கிராபிக்ஸ் கார்ட் ஒன்று மதர்போர்ட்டின் துளையிலிருந்து அதிகபட்சம் 75 வோட்ஸ் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 முனை வயர் 75 வோட்ஸுக்கும், 8 முனை வயர் 150 வோட்ஸுக்கும் வடிவமைக்கப்பட்டவை.

அலுவலகங்களில் கழித்துவிட்ட சிறிய பெட்டிக் கணினிகள் நம் ஊர்க் கடைகளில் நிறைய விற்பனையாகின்றன. படிப்புக்கு அவை நல்லவை. ஆனால் அவற்றின் பவர் சப்ளை அந்தக் கணினிக்கு அளவாகச் செய்யப்பட்டது. தனி வயரும் பெரும்பாலும் இருக்காது. பெரிய கார்ட் போட்டால், திரை சாதாரணமாக இருக்கும்போது ஓடும், பாரமான வேலை கொடுத்தவுடன் அணையும். மாற்று இணைப்பிகளால் ஒட்டுப்போட்டு மின்சாரம் எடுக்காதீர்கள். வயர் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். கார்ட்டைக் கழற்றி, மதர்போர்ட்டிலேயே உள்ள திரை இணைப்பைப் பாவித்து ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் காரணம் தெரிந்துவிடும்.

ட்ரைவர் மென்பொருள்

பாகம் நல்லது, மின்சாரமும் போதும், இருந்தும் நிற்கிறது என்றால் ட்ரைவரைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'சிப்ட்' விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் ஒரு நீல மெனு வரும். 'ட்ரபிள்சூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய், மீண்டும் தொடங்கியதும் 4 ஐ அழுத்தினால் 'சேப் மோட்' வரும். அதில் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் மென்பொருள்தான் பிழை. 'டிவைஸ் மனேஜர்' சென்று புதிய பாகத்தின் ட்ரைவரை நீக்குங்கள், அல்லது 'ரோல் பேக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள்.

அதே மெனுவில் 'ரீசெட் திஸ் பீ.சி.' என்றொரு தெரிவும் உண்டு. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாம் அழியும். கோப்புகளை வைத்திருப்பதாகச் சொல்லும் மற்றத் தெரிவும் நிறுவிய மென்பொருட்களை நீக்கிவிடும். பிரதி இல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள்.

மின்சாரம், சூடு, தூசி

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். எல்லா நேரமும் அப்படி நிற்பதில்லை. பக்கத்து வளவில் தண்ணீர்ப் பம்பு போட்டவுடன் விளக்கு மங்கும் வீடு என்றால், அதே நேரத்தில் கணினி நிற்கிறதா என்று கவனியுங்கள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், மின்சாரம் போய் வரும் அதிர்ச்சியாலேயே பழுதான பல கணினிகள் என் மேசைக்கு வந்தன. யூ.பி.எஸ். ஒன்று வீண் செலவல்ல. கணினிப் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று அடித்தால், வீட்டில் 'எர்த்' சரியில்லை. அதைத் தகுதியான மின்தொழிலாளி மூலம் முதலில் சரிசெய்யுங்கள். அது கணினிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

வன்னியின் செம்மண் தூசி விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகட்டிலும் கம்பளம் போலப் படியும். புதிய பாகம் சற்றுக் கூடுதலாகச் சூடேற்றினாலே கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அப்போது விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

இவையெல்லாம் செய்தும் சரிவராவிட்டால் திருத்துபவரிடம் கொடுங்கள். எப்போது, எதைப் பொருத்தினீர்கள், என்ன பிழை வந்தது என்று எழுதிக் கொடுங்கள். "கேட்காமல் போர்மட் பண்ண வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். வன்தட்டுப் பழுது என்று சொன்னால், அதைக் கழற்றி வேறொரு கணினியில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வன்தட்டை மாற்றினால், பழையதைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். அது உங்களுடையது.

முக்கியமான படங்களும் ஆவணங்களும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கணினியில் ஒன்று, பென்ட்ரைவிலோ வெளி வன்தட்டிலோ ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என்று மூன்றாவது இருக்கட்டும். வீட்டை விட்டுத் திடீரென்று கிளம்ப வேண்டி வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த அம்மாவுக்கு இரண்டு பென்ட்ரைவ்களில் படங்களைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்று அவருக்கு, மற்றது மன்னாரில் இருக்கும் அவரது தங்கைக்கு. மூத்தவரின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது, அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து இருந்தார். "இந்தச் சேட்டு நான் தைச்சது" என்றார். இளைய மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழுதான றாமை வாங்கிய இடத்திலேயே கொடுத்து மாற்றச் சொல்லி, அந்தத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டேன்.